அங்கன்வாடி முற்றத்தில் கொட்டிய கசடு

எங்கள் சந்தில் மழைக்குத் தண்ணீர் நிற்காது. அதற்கு நான்தான் காரணம் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புதிதாகக் குடிவந்தவர்களிடம் சொன்னேன். மருமகளாக வந்த பெண்களிடம் சொன்னேன். வோட்டுக் கேட்டு வந்தவர்களை நிறுத்திவைத்துச் சொன்னேன். எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எழுதுவதும் அப்படித்தான், ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். ஆனாலும் எந்த ஆபீஸ் படியும் ஏறிப் பேச எனக்குப் பயம் இருந்ததில்லை. அந்தத் திமிரோடுதான் இத்தனை வயது வரைக்கும் நடந்தேன்.

நாங்கள் இருப்பது மலையாள தேசத்தில், வலியசாலைக்குப் பின்புறம், கிள்ளியாற்றை ஒட்டின பள்ளத்தில். அக்கிரகாரத்துக் கோயில் மணி எங்களுக்குக் கேட்கும். அங்கே பெய்கிற மழையும் ஓடி எங்களிடம்தான் வரும். நாகர்கோவில், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் அப்போது இங்கே அதிகம். என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் சுமடு எடுத்தார், மூட்டை தூக்குகிற வேலை. நான் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவினேன்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மதில் கட்டின ஒரு பாட்டரிக் கம்பெனி இருந்தது. பஸ், லாரியிலிருந்து கழற்றின பழைய பாட்டரிகளைக் கொண்டுவந்து கோடாலியால் உடைப்பார்கள். உள்ளே இருக்கிற ஈயத்தை உலையில் போட்டு உருக்கிப் பாளம் பாளமாக ஊற்றுவார்கள். ஈயம் வடிந்த பிறகு உலையில் கறுப்பாகக் கல் மாதிரி ஒன்று மிஞ்சும். அதைக் கசடு என்போம். மதிலுக்கு மேலே தெரிகிற அளவுக்கு அது குவிந்து கிடந்தது.

என் மூத்த மகன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், ஜூன் மாசத்து இடவப்பாதி மழையில் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர். புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் நடந்தார்கள். கவுன்சிலரிடம் மூன்று முறை போனேன், ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது முறை அவரிடம் போகவில்லை. நேரே கம்பெனி மேஸ்திரியிடம் போனேன்.

"அந்தக் கசடை எங்களுக்குத் தாரும். சந்தில கொட்டி மேடாக்கட்டும்."

மேஸ்திரி சிரித்தார். "எடுத்துட்டுப் போங்க. எவ்வளவு வேணுமோ எடுங்க. எனக்கு இடம் மிச்சம்."

அந்தச் சிரிப்பை அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டுப் பெண்கள் சேர்ந்தோம். பனையோலைக் கடவத்தில் அள்ளித் தலையில் சுமந்து கொட்டினோம். ஒரு வாரம் ஆயிற்று. மேலே செம்மண் பரப்பி, குறுக்கும் நெடுக்கும் மிதித்து இறுக்கினோம். அடுத்த மழைக்குத் தண்ணீர் நிற்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில் அங்கன்வாடி முற்றத்தையும் மேடாக்க வேண்டும் என்று நின்றேன். அங்கன்வாடி அப்போது ஓலைக் கொட்டகை. முற்றம் சேறு.

சந்துக்கு எங்களோடு சுமந்த என் அடுத்த வீட்டுக்காரி முற்றத்துக்கு வரவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவள். என்னை மைனி என்று கூப்பிடுவாள். அவள் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் உலை பக்கம் வேலை பார்த்தார்.

"பிள்ளையள் இருக்க இடத்துல அது வேண்டாம் மைனி," என்றாள். "எங்க வீட்டுல அவிய வேலை விட்டு வந்தா, குளிக்காம எனக்க பிள்ளையத் தொடமாட்டாவ. ஏதோ கெட்டதுன்னுதான சொல்லுதாவ."

"உனக்க மாப்பிள்ளைக்குக் கல்லக் கண்டாலும் பயம், கரியக் கண்டாலும் பயம்," என்றேன். "பிள்ளையள் சேத்துல கிடந்து சொறி பிடிக்கட்டும்னு சொல்லுதியா?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் கடவத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். முற்றத்தை நாங்கள் நிரப்பினோம். கடைசியில் மிஞ்சினதை அங்கன்வாடிச் சமையலறைக்குப் பின்னால், குழாயடியில், ஒரு மத்தியான நேரம் நான் தனியாகவே கொண்டுபோய்க் கொட்டினேன்.

அதற்குச் சில வருஷங்களில் கம்பெனி பூட்டிப் போயிற்று. மதிலுக்குள் காடு வளர்ந்தது. எங்கள் எட்டுப் பேரில் ஆறு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சந்துக்கு இன்டர்லாக் கட்டை பதித்தார்கள். கொட்டகை போய் அங்கன்வாடிக்குக் கான்கிரீட் கட்டிடம் வந்தது. முற்றம் மட்டும் மண்ணாகவே இருந்தது. சந்தை எதனால் மேடாக்கினீர்கள் என்று யாரும் கேட்டால், கல்லும் மண்ணும் சுமந்தோம் என்பேன். கம்பெனிக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்பவர்களுக்கு அது சின்னதாகப் பட்டுவிடுமே.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கவுன்சிலர் வந்து சொன்னார். கம்பெனி இருந்த நிலத்தைச் சுத்தம் செய்து, எங்கள் காலனிக்காரர்களுக்கே அடுக்கு வீடு கட்டப் போகிறார்களாம். பக்கத்தில் குழந்தைகளுக்குப் பார்க். ஆனால் முதலில் மண்ணில் எங்கே எங்கே விஷம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கம்பெனியின் பழைய காகிதம் ஒன்றும் யாரிடமும் இல்லை. அதனால் பழைய ஆட்கள் எல்லாரும் கூட்டத்துக்கு வந்து, ஞாபகம் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. மண் பரிசோதனைக்கு வந்த மேடம் ஒரு சின்னப் பெண், மலையாளி. கொஞ்சம் தமிழ் பேசினாள். காலனியின் பெரிய வரைபடம் ஒன்றைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தாள். பிறகு பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். பாட்டரி உடைத்த இடத்தில் சிவப்புப் பொட்டு. ஆசிட் ஊற்றின இடத்தில் கறுப்புப் பொட்டு. எழுதத் தெரிய வேண்டியதில்லை, ஒட்டத் தெரிந்தால் போதும் என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"மேடம், எங்க வீட்டுக் கண்ணாடியில இதவிடக் கூடுதல் ஒட்டியிருக்கேன்," என்றாள் ஒருத்தி.

நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். உலை இருந்த இடம், ஆசிட் குழி, பாட்டரித் தட்டு கழுவின தொட்டி, அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போன ஓடை, எல்லாம் சொன்னேன். மற்றவர்கள் தப்பாக ஒட்டின பொட்டை எடுத்துச் சரியான இடத்தில் ஒட்டினேன். மேடம் எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போடச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மேடம் கேட்டாள். "அம்மா, ஒரு சம்சயம். இத்தன வருஷம் உலை ஓடினா கசடு ஒரு மலை போல வேணுமே. இங்க அத்தன இல்ல. அது எங்க போச்சு?"

"அது என்னத்துக்கு மக்களே?" என்றேன்.

"அதுதான் ரொம்ப மோசம். ஈயம் மழையில போகாது, வருஷம் கழிஞ்சாலும் போகாது. குழந்தைங்க மண்ணுல விளையாடி அந்தக் கைய வாயில வைக்கும் அல்லே? ரத்தத்துல கலந்துரும். மூளை வளர்ச்சியக் கெடுக்கும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது."

அடுத்த வீட்டுக்காரி தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"லாரியில கொண்டு போனாவ," என்றேன். "தமிழ்நாட்டுப் பக்கம்னு சொன்னாவ."

மேடம் அதை எழுதிக்கொண்டாள்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது. ஆனால் மறுநாள் எழுந்து போய்த் திருத்தியிருக்கலாம். மறுநாளும் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. மழை முடிந்து வெயில் வரும்வரை போகவில்லை. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பொட்டு ஒட்டின இடங்களில் மண் எடுத்துப் பார்த்துவிட்டு வரைபடத்துக்கு நிறம் கொடுத்தார்கள். கம்பெனி இருந்த இடம் முழுக்க மஞ்சள், தோண்ட வேண்டியது. அங்கன்வாடி முற்றத்தில் பொட்டு இல்லாததால் மண் எடுக்கவில்லை, அது பச்சை. பச்சை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே பார்க்கோடு சேர்த்துவிடலாம். அங்கன்வாடி டீச்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அம்மா, நம்ம முற்றத்துல ஊஞ்சல் வரப் போகுது," என்று என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். "ஒரு மணல் குழியும் கேட்டிருக்கேன். பிள்ளைங்க அள்ளி விளையாடட்டும்."

அன்று பிள்ளைகள் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து உப்புமா தின்றுகொண்டிருந்தார்கள். முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை என்னிடம் ஓடிவந்து கையை விரித்துக் காட்டினாள். கறுப்புக் கல், நடுவில் வெள்ளிப் பொட்டு மாதிரி மினுங்கிற்று.

"அம்மூம்மா, இது வெள்ளி. எனக்குக் குறே உண்டு வீட்டில்." வீட்டில் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாளாம்.

"தூரப் போடு," என்றேன். "நாய் கடிச்சுப் போட்டது அது."

குழந்தை நம்பவில்லை. கல்லைப் பாவாடையில் துடைத்து முடிந்துகொண்டு, அதே விரலால் உப்புமாவை எடுத்து வாயில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையைக் கழுவச் சொல்லக்கூட இல்லை. சொன்னால் ஏன் என்று டீச்சர் கேட்பாளே என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரி என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"மைனி, கடைசிக் கூட்டம் புதனாழ்ச்சையாம். அதுக்குப் பொறவு படத்துல ஒண்ணும் மாத்த மாட்டாவளாம். நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

"நீ என்னத்தச் சொல்லுவ? நீ ஒரு கடவம் சுமந்தியா அந்த முற்றத்துக்கு?"

"சுமக்கல்ல. அதுனாலதான் உங்ககிட்டக் கேக்கேன்."

"நீ வாயத் தொறந்தேன்னா பொறவு உனக்க முகத்துல முழிக்க மாட்டேன் பாத்துக்க."

"முழிச்சாலும் உங்களுக்கு எங்க தெரியும்? நேத்து வெளக்குக் கம்பத்தப் பாத்து எப்ப வந்தன்னு கேட்டவியதானே," என்றாள். எனக்குக் கண்ணில் புரை. சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, "பிள்ளையள் மைனி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அது சத்தியம். நல்ல சேலை உடுத்தி, எப்படி ஆரம்பிப்பது என்று நடந்துகொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கூடத்தில் நுழைந்ததும் கவுன்சிலர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். இந்த அம்மாவின் ஞாபகசக்தியால்தான் வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்தது, நம் காலனிக்கே இவர் பெருமை என்று பேசி, ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். உள்ளே ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொல் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மேடம், "இனி ஆருக்காவது எதாவது சொல்ல உண்டா?" என்று கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் பார்த்தாள்.

அடுத்த வீட்டுக்காரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மேடம், எனக்கு ஒரு பொட்டு தாங்க." வாங்கி, குனிய முடியாமல் குனிந்து, பச்சை நிறத்தின் நடுவில் ஒட்டினாள். "இந்த முற்றத்துக்கு அடியில கசடுதான் கிடக்கு. சந்துக்கு அடியிலயும் அதுதான். நான் கொட்டினது."

டீச்சர், "எந்தா?" என்று கத்திவிட்டாள். கூடம் முழுக்கச் சத்தம். முற்றத்தையும் சந்தையும் மேடாக்கினது யார் என்று எல்லாருக்கும் தெரியும், நான்தான் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறேனே. எல்லா முகமும் என் பக்கம் திரும்பிற்று.

"மைனிக்குத் தெரியாது," என்றாள் அவள். "மைனி ஆத்துமண்ணுதான் கொண்டுவரச் சொன்னா. ஆறு தூரம், கம்பெனி பக்கம். அதுனால நான் கசட அள்ளி அடியில போட்டேன். மேல மண்ணு மூடினதுல மைனி கண்டிருக்க மாட்டா."

"அம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்று மேடம் கேட்டாள்.

நான் பொன்னாடையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டேன். தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

என் ஆயுசில் பலரிடம் சண்டை போட்டிருக்கிறேன், கோபத்தில் கை நீட்டியும் இருக்கிறேன். அந்தத் தலையாட்டலுக்குக் கிட்டே ஒன்றும் வராது.

மறுநாளே அங்கன்வாடி முற்றத்தைப் பூட்டினார்கள். பிள்ளைகளைச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றினார்கள். காலனிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க ஏற்பாடாயிற்று. ஹெல்த் சென்டரில் தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். துணைக்கு நானும் போய் நின்றேன். அடுத்த வீட்டுக்காரியும் தன் பேத்தியின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு யாரும் இடம் விடவில்லை.

"ஆறு தூரமாம்," என்றாள் அந்தப் பல் விழுந்த குழந்தையின் தாய், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "நடக்கச் சோம்பல் பிடிச்சு விஷத்தக் கொண்டு பிள்ளைங்களுக்குப் படுக்க விரிச்சிருக்கு. இப்ப ஏதும் அறியாதவ மாதிரி லைன்ல நிக்குது."

அடுத்த வீட்டுக்காரி குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அவ இல்ல பிள்ளே," என்றேன். "நான்தான் கொட்டினேன். கம்பெனியில போய்க் கேட்டது நான். வேண்டாம்னு சொன்னவ அவ."

அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மே, உங்களுக்குப் பெரிய மனசு. கூட்டாளிக்கு வேண்டி நீங்க பழிய ஏத்துக்க வேண்டாம். எங்களுக்கு அறியாதா உங்கள?"

பின்னால் நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி, அம்மாவுக்கு நிற்க முடியாது என்று சொல்லி, பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள். நான் இன்னொரு தடவை சொன்னேன். அவர்கள் இன்னும் மரியாதையாகப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுக்காரி நின்றுகொண்டே இருந்தாள்.

முற்றத்தை முதலில் தோண்டினார்கள்; சந்துக்கு மேலே கட்டை மூடியிருப்பதால் அது பிறகு என்றார்கள். முகமூடியும் கையுறையும் போட்ட ஆட்கள், தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து வாரினார்கள். ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே கறுப்பாக இருந்தது. தார்ப்பாய் கட்டின லாரியில் கொண்டுபோனார்கள். தோண்டின ஆழத்தில் மண் எடுத்துப் பார்த்து, இனி சுத்தம் என்றார்கள். புது மண் போட்டு மூட நாள் குறித்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த வீட்டுக்காரி தான் சுமக்காத கசடைச் சுமந்ததாகச் சொன்னவள். முற்றம் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். சமையலறைக்குப் பின்னால் இருக்கிற குழாயடி அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவர்களில் என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற இடம் அது.

புது மண் போட இருந்த அன்று காலை அங்கன்வாடிக்குப் போனேன். வேலிக்கு வெளியே தாய்மார்கள் சிலர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் குழந்தையின் தாயும் இருந்தாள்.

"மேடம், இன்னும் ஒரு இடம் உண்டு," என்றேன்.

குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குழாய்க்கு வடக்கே மூன்று எட்டு, சுவரை ஒட்டி மாமரம் வரைக்கும். அந்த மாமரம்கூட அப்போது இல்லை. ஒருவன் கம்பியை இறக்கிக் குத்தினான். கடகடவென்று கல்லில் மோதுகிற சத்தம். மண்வெட்டியால் வெட்டினான். கறுப்பு வந்தது, வெள்ளி மினுக்கம் வந்தது.

மேடம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது அவங்க சொல்லலியே. இங்க ஆரு கொட்டினது?"

"நான் தனியா."

"அப்ப முற்றத்துல?"

"அதும் நான்தான். லாரியில போச்சுன்னு அன்னைக்குச் சொன்னது பொய். கூட்டத்துலயும் பொய்தான்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. காகிதத்தைத் திருப்பி, பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எழுதிக்கொண்டே, "முதல் கூட்டத்துல சொல்லியிருந்தா அன்னைக்கே பிள்ளைங்கள மாத்தியிருப்போம் அம்மா," என்றாள். அவ்வளவுதான்.

திரும்பினேன். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டிருந்தது. இந்தத் தடவை யாரும் பெரிய மனசு என்று சொல்லவில்லை. அந்தத் தாய் என் முகத்தையே பார்த்தாள். எதையாவது சொல்லித் திட்டுவாள் என்று காத்து நின்றேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

பார்க் வேலை இப்போது நடக்கிறது. அடுக்கு வீட்டுக்குக் கம்பி கட்டுகிறார்கள். ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளில் அந்தக் குழந்தையும் உண்டு. மாதம் ஒரு தடவை பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போகிற வழியில் அந்தத் தாய் அடுத்த வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்துகிறாள். அடுத்த வீட்டுக்காரியும் தன் பேத்தியின் பிள்ளையோடு ஏறிக்கொள்கிறாள். ஏறும்போது, "மைனி, போயிட்டு வாறேன்," என்று என் வாசலைப் பார்த்து எப்போதும் போலச் சொல்கிறாள்.

நான் கதவுக்கு உள்ளே நிற்கிறேன். ஆட்டோ சந்து தாண்டுகிற வரைக்கும் வெளியே வருவதில்லை.